ஆய்வு நிதி: யாரைக் கேட்டு ஒதுக்குகிறார்கள்?

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். வளரும் நாடுகளுக்கென ஒதுக்கப்படும் ஆய்வு நிதி எதற்குச் செலவாக வேண்டும் என்பதில் அந்நாடுகளின் குரல் எவ்வளவு எடுபடுகிறது என்பது குறித்து வரும் ஞாயிறு மாலை 6 மணிக்குக் குழுவில் பேசவிருக்கிறோம்.

கனடா நாடாளுமன்றம் 1970-இல் சட்டமியற்றி நிறுவிய பன்னாட்டு வளர்ச்சி ஆய்வு மையத்தின் ஆளுநர் குழுவில், தொடக்கத்தில் 21 இடங்களுள் 11 மட்டுமே கனடியர்களுக்கு உரியவையாக இருந்ததால், வளரும் நாட்டு அறிஞர்கள் முடிவெடுக்கும் மேசையிலேயே அமர முடிந்தது. பிரிட்டனின் பன்னாட்டு வளர்ச்சித் துறை வேறு வழியைத் தேர்ந்தது. ஐந்தாண்டுகளில் 100 கோடி பவுண்டு வரை செலவிடும் ஆய்வுத் திட்டத்தை 2008-இல் வெளியிடுமுன், ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் கருத்துக் கேட்டது. என் பார்வையில் முதல் வழியே உறுதியானது. கேட்ட கருத்தை ஒதுக்கிவிடலாம்; குழுவில் அமர்ந்திருப்பவர் போடும் வாக்கை அப்படித் தள்ளிவிட முடியாது. அதோடு, கருத்துக் கேட்புக்கு அழைக்கப்படுபவர்கள் பெரும்பாலும் தலைநகரங்களில் ஆங்கிலம் அறிந்த இயக்குநர்களே. கிராமச் செவிலியர் அல்லர்.

முடிவு நிதி தருபவர் கையில் மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்தோம்: 2021-இல் பிரிட்டன் தன் உதவி நிதியைத் தேசிய வருமானத்தில் 0.7 விழுக்காட்டிலிருந்து 0.5 ஆகக் குறைத்தபோது, நடந்துகொண்டிருந்த கூட்டு ஆய்வுகளுக்கான பணமும் பாதியில் வெட்டப்பட்டது.

இத்தகைய திட்டங்களில் பணியாற்றியவர்கள், ஆய்வுக் கேள்வி முடிவாவதற்கு முன் உங்களிடம் கேட்டார்களா, பின்னரா என்பதைச் சனிக்கிழமைக்குள் சுருக்கமாக இங்கே பதிவிடுமாறு வேண்டுகிறேன். நிறுவனப் பெயர்களைத் தவிர்க்கவும்.