சங்கத்தின் ஆண்டறிக்கை: கல்லீரல் புற்றுநோயும் காமாலை வைரஸ்களும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, கோத்தகிரி வட்டாரச் சிறு தேயிலை விவசாயிகளாகிய உறுப்பினர்களே, வணக்கம்.

சென்ற பேரவைக்குப் பின் நம் மூத்த உறுப்பினர் ஒருவரைக் கல்லீரல் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தோம். வாழ்நாளில் மதுவைத் தொடாதவர் அவர். துக்கம் விசாரிக்க வந்த ஒருவர் "எத்தனை வருஷமாகக் குடித்தார்?" என்று அவர் மனைவியிடமே கேட்டபோது நான் அருகில் இருந்தேன். அவருக்கு இருந்தது ஹெபடைடிஸ் பி என்னும் காமாலை வைரஸ் தொற்று. இந்த ஆண்டின் பணியைச் செயற்குழு முடிவு செய்ததற்கு அந்தக் கேள்வியே காரணம்.

அசுத்தமான நீரால் பரவும் ஏ, ஈ வகைக் காமாலைகள் பெரும்பாலும் வந்து போய்விடுபவை. அவை புற்றுநோயில் கொண்டுபோய் விடுவதில்லை. ரத்தத்தின் வழியே பரவும் பி, சி வைரஸ்களோ பலரது கல்லீரலில் இருபது முப்பது ஆண்டுகள் வலியின்றித் தங்கிவிடுகின்றன. அவற்றை அழிக்க முயலும் நம் எதிர்ப்புச் சக்தி, தொற்றிய செல்களையும் சேர்த்தே அழிக்கிறது. அழிந்த இடத்தில் புதிய செல்கள் முளைக்க, மீண்டும் அழிய, காலப்போக்கில் தழும்பு படர்ந்து ஈரல் சுருங்கிவிடுகிறது. ஓயாமல் நடக்கும் இந்தப் பிரிதலில் மரபணுப் பிழைகள் சேர்ந்து, ஏதோ ஒரு செல் கட்டுமீறி வளர்வதே புற்றுநோய். சி வைரஸ் பெரும்பாலும் இந்தச் சுருக்கத்தின் வழியாகவே அங்கு வந்து சேர்கிறது. பி வைரஸ் தன் மரபணுத் துண்டுகளை நம் செல்லின் மரபணுவிலேயே செருகிவிட வல்லது என்பதால், ஈரல் சுருங்காதவருக்கும் அதனால் புற்றுநோய் வரலாம்.

சுகாதாரப் பணியாளர்கள் நடத்திய பரிசோதனை முகாமுக்குக் கொழுந்து பறித்துவிட்டு நேரே வந்த பெண்களின் கட்டைவிரல்களில் இலைக்கறை கருத்திருந்தது. துடைத்துத் துடைத்துத்தான் ஊசி குத்த முடிந்தது. கீழாநெல்லி சாப்பிட்டுக் கண் மஞ்சள் தெளிந்தால் நோயே போய்விட்டது என்ற நம்பிக்கை பலரிடம் இருந்தது. மஞ்சள் மறைந்தாலும் வைரஸ் இருக்கலாம். ரத்தப் பரிசோதனைதான் அதைக் காட்டும். தொற்றுள்ளவருக்கெனத் தனித் தம்ளர் ஒதுக்கியிருந்த ஒரு வீட்டாரிடம், சேர்ந்து உண்பதால் இது பரவாது, சவரக் கத்தியைத்தான் பகிரக் கூடாது என்று விளக்கினோம். மறுவாரம் சென்றபோது அந்தத் தம்ளர் மற்றவற்றோடு கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

நாங்கள் அதிகம் வலியுறுத்தியது பிறந்த குழந்தைக்கான தடுப்பூசியையே. பிறப்பின்போது தாயிடமிருந்து பி தொற்றும் குழந்தைகளில் நூற்றுக்கு 90 பேருக்கு அது நிலைத்துவிடுகிறது. பெரியவர்களில் 5 பேருக்கும் குறைவு. ஆகவே 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி அவசியம். தைவான் 1984இல் இதைத் தொடங்கியபின் அங்கே குழந்தைகளிடையே கல்லீரல் புற்றுநோய் வெகுவாகக் குறைந்தது. "பச்சைப் பிள்ளைக்கு எதற்கம்மா ஊசி?" என்று கேட்ட பாட்டிமார்களுக்கு நம் மகளிர் அணியினர் வீடு வீடாகச் சென்று சொன்ன பதில் இதுதான்.

சி தொற்றைப் பெரும்பாலும் 12 வார மாத்திரையில் நூற்றுக்கு 95 பேருக்கு மேல் குணப்படுத்தலாம். பி தொற்றை மாத்திரையால் அடக்கி வைக்கலாம். 2018இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் இவை இலவசம். ஆயினும் ஈரல் சுருங்கியவர்கள், வைரஸ் நீங்கிய பிறகும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுக்க வேண்டும். கூலி நாளை இழந்து உதகை சென்றுவர அவர்களால் முடிவதில்லை.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். ஸ்கேனுக்குச் செல்வோரின் பேருந்துச் செலவையும் அன்றைய கூலியையும் சங்க நிதியிலிருந்து வழங்கும் தீர்மானத்தைப் பேரவையின் ஒப்புதலுக்கு முன்வைக்கிறேன்.

செயலாளர்,
கோத்தகிரி.