கலையரங்க மேடைக்குச் சாய்தளம் கேட்டு நான்காம் முறையாகக் கோரிக்கை மனு

நாள்: 10.11.2025

அனுப்புநர்
செயலாளர், தெருக் கலைவிழாக் குழு,
(ஓய்வு பெற்ற சத்துணவு அமைப்பாளர்)
வைகை வடகரை, மதுரை.

பெறுநர்
உயர்திரு அதிகாரி அவர்கள்,
மண்டல அலுவலகம், மதுரை.

பொருள்: எங்கள் வார்டு கலையரங்க மேடைக்குச் சாய்தளமும், கலைஞர்கள் உடை மாற்ற அறையும் அமைத்துத் தர வேண்டுதல் தொடர்பாக.

பார்வை: 20.02.2023, 11.12.2023, 09.09.2024 ஆகிய நாள்களில் நேரில் கொடுத்த என் மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே, ரேஷன் கடைக்கும் பழைய படிப்பகத்துக்கும் நடுவில் இருக்கும் கலையரங்கத்தைத் தாங்கள் நன்கு அறிவீர்கள். சுதந்திர தினத்தன்று தாங்கள் வந்து கொடியேற்றிப் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தது அந்த மேடையில்தான். மேடையின் ஏழு படிகளைத் தாங்களும் ஏறி இறங்கியிருக்கிறீர்கள். அந்த ஏழு படிகளைப் பற்றித்தான் இந்த மனு.

ஒவ்வோர் ஆண்டும் அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு முடிந்த மறுநாள் மாலையில் இங்கே கலைவிழா நடத்துகிறோம். 2017இல் தொடங்கியது. கொரோனாவால் இரண்டு ஆண்டுகள் விட்டுப்போனது. கரகம், ஒயில், பறை எல்லாம் உண்டு. சங்கரதாஸ் சுவாமிகள் வழியில் ஸ்பெஷல் நாடகம் நடிக்கும் கலைஞர்கள் இருவர் எங்கள் தெருவிலேயே குடியிருக்கிறார்கள். வள்ளி திருமணத்தில் ஒரு காட்சியாவது நடித்துக் காட்டாமல் அவர்கள் விடுவதில்லை. தர்கா பக்கமிருந்து பக்கீர்கள் தாயிரா என்னும் கைமேளத்தோடு வருகிறார்கள். சௌராஷ்டிரப் பெண்கள் கோலாட்டம் ஆடுகிறார்கள். ஆனையூர் முகாமிலிருந்து இலங்கைத் தமிழ்ப் பிள்ளைகள் வருகிறார்கள். கட்டட வேலைக்கு வந்து பக்கத்துத் தெருவில் தங்கியிருக்கும் ஒடிசாக்காரர்கள்கூடப் போன முறை டோலக்கோடு வந்து இரண்டு பாட்டுப் பாடினார்கள்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். முதல் ஆண்டு திருநங்கையர் கும்மியடிக்க வந்தபோது, எங்கள் தெருப் பெண்களும் அதே வட்டத்தில் நின்றார்கள். ஆனால் இரு பக்கமும் இரண்டு ஆள் நிற்கிற அளவுக்கு இடைவெளி விட்டு நின்றார்கள். யாரும் யாரையும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் ஆண்டில் அந்த இடைவெளி குறைந்தது. மூன்றாம் ஆண்டில் என் பக்கத்து வீட்டு அம்மா, தன் கை வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே பக்கத்தில் நின்ற திருநங்கையின் கையில் கை தட்டிக் கும்மியடித்தார். அழகர் ஆற்றில் இறங்கிவிட்டு வண்டியூரில் துலுக்க நாச்சியார் வீட்டில் தங்குவதாகச் சொல்லிக்கொள்ளும் ஊர்க்காரர்கள் நாங்கள். எல்லோரும் ஒரே மேடையில் ஏற வேண்டும் என்பதற்காகத்தான் இந்த விழாவையே தொடங்கினோம்.

விழாவுக்காக அலுவலகத்திடம் நாங்கள் ஒரு ரூபாய்கூடக் கேட்கவில்லை. மைக் செட், பந்தல், கலைஞர்களுக்கான சன்மானம் எல்லாம் தெருவில் வசூலாகிவிடுகிறது. நாங்கள் கேட்பவை இவைதான்:

1. மேடையின் நான்கு விளக்குகளில் இரண்டு எரிவதில்லை. மாற்றித் தர வேண்டும்.

2. மேடைக்குப் பின்னால் உள்ள அறை பூட்டியே கிடக்கிறது. உள்ளே பழைய குப்பைத் தொட்டிகளும் உடைந்த குழாய்களும் இருக்கின்றன. சாவி யாரிடம் என்று கேட்டால் ஆளுக்கொருவரைக் கைகாட்டுகிறார்கள். கரகமாடும் பெண்களும் திருநங்கைகளும் தார்ப்பாய்க்குப் பின்னால் நின்று உடை மாற்றுகிறார்கள். இரண்டு பெண்கள் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். காற்றடித்தால் அதுவும் பறக்கிறது. கழிப்பறைக்கு எங்கள் வீடுகளுக்கு வரச் சொல்கிறோம். இந்த மதுரையில் பிறந்த நர்த்தகி நடராஜ் 2019இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அவரைப் போல வர வேண்டும் என்று ஆடுகிற பிள்ளைகள் ரேஷன் கடைச் சுவர் ஓரமாகச் சலங்கை கட்டுகிறார்கள். அறையைக் காலி செய்து, ஒரு தாழ்ப்பாளும் ஒரு பல்பும் போட்டுக் கொடுத்தாலே போதும்.

3. மேடைக்குச் சாய்தளம் வேண்டும்.

மூன்று மனுக்களிலும் இதை ஒரே வரியில் எழுதினேன். ஒரே வரியில் எழுதியதால்தான் யார் கண்ணிலும் படவில்லையோ என்று தோன்றுகிறது. அதனால் இந்த முறை நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். பொறுத்துப் படிக்க வேண்டும்.

எங்கள் குழுவில் பறை அடிக்கும் ஐவரில் ஓர் இளைஞன் சக்கர நாற்காலியில் வருபவன். பெயர் எழுத வேண்டாம் என்று அவன் அம்மா கேட்டுக்கொண்டார். பள்ளியில் நான் சோறு போட்டு வளர்ந்த பிள்ளை. என்னை அத்தை என்றுதான் கூப்பிடுவான். வாடிப்பட்டியில் இருக்கும் தாய்மாமனிடம் பறை கற்றவன். பத்தொன்பது வயதில் வெள்ளையடிக்கப் போன இடத்தில் சாரம் சரிந்து விழுந்து முதுகுத்தண்டு அடிபட்டது. இரண்டு கால்களும் போய்விட்டன. கைகள் இருக்கின்றன. நாற்காலியின் கைப்பிடியில் பறையின் விளிம்பைச் சாய்த்து, இடது கையில் சிண்டுக்குச்சியும் வலது கையில் அடிகுச்சியுமாக அவன் அடிக்கத் தொடங்கினால் டீக்கடையில் நிற்பவர்கள் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு வருவார்கள்.

2023 ஜனவரி விழாவில் நடந்தது இது. மேடைக்குப் பின்னால் வைக்கோலைக் கொளுத்தி ஐந்து பறைகளையும் காய்ச்சினார்கள். தை மாதப் பனியில் தோல் சீக்கிரம் தொய்ந்துவிடும். காய்ச்சிய சூட்டோடு மேடையேறி அடித்தால்தான் நாதம் எழும். நால்வர் படியேறிப் போய்விட்டார்கள். இவனைத் தூக்க ஆள் வேண்டும். டீக்கடையிலிருந்து இரண்டு பேர், ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து ஒருவர், மைக் செட் பையன் என்று நான்கு பேரைத் தேடிப் பிடித்து வருவதற்குள் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆளுக்கொரு மூலையாக நாற்காலியைத் தூக்கினார்கள். நான்காம் படியில் முன்னால் பிடித்தவருக்குக் கால் தடுமாறி நாற்காலி ஒருபக்கம் சாய்ந்தது. அவன் ஒரு கையால் பறையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மறு கையால் ஆட்டோக்காரரின் கழுத்தைப் பிடித்துக்கொண்டான். அடிகுச்சி கையிலிருந்து நழுவிப் படிப்படியாகக் கீழே உருண்டு வந்து என் காலடியில் விழுந்தது.

அந்த நேரத்தில், மைக்கில் நின்றவர் நல்லெண்ணத்தோடுதான், "நம் தம்பி மேடையேறுகிறார், பலமாகக் கைதட்டுங்கள்" என்று சொன்னார். கூட்டம் முழுவதும் தட்டியது. அவன் இன்னும் ஓர் அடிகூட அடிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டான்.

பறை ஆறிப்போய்விட்டது. மேடையில் நெருப்புக் கிடையாது. தொய்ந்த தோலோடு அடித்தான். மற்ற நான்கு பறைகளும் கணீரென்று கேட்க, அவனுடையது மட்டும் ஈரத்துணியில் அடிப்பதுபோலக் கேட்டது. இறக்கிவிட்ட பிறகு குச்சியைக் கொடுக்கப் போனேன். "நான் அடித்ததற்கு யாரும் தட்டவில்லை அத்தை, என்னைத் தூக்கியதற்குத்தான் தட்டினார்கள்" என்றான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அடுத்த மாதம் தங்கள் அலுவலகத்துக்கு முதல் மனுவைக் கொண்டு வந்தேன்.

2024இல் மேடைக்குக் கீழே தரையில் இருந்தே அடித்தான். பின்வரிசையில் இருந்தவர்களுக்கு அவன் தெரியவே இல்லை. மற்ற நால்வரும் தாங்களும் கீழே வந்து அடிப்பதாகச் சொன்னார்கள். எல்லோரும் மறைந்து போக வேண்டாம் என்று அவன்தான் தடுத்துவிட்டான்.

சென்ற ஜனவரியில் பறை காய்ச்ச மட்டும் வந்தான். வைக்கோல் தீயில் ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிக் காட்டி, விரலால் சுண்டிப் பதம் பார்த்துக் கொடுத்தான். நான்கு பறைகள் மேடைக்குப் போயின. ஐந்தாவது அவன் மடியிலேயே இருந்தது.

ஐயா, ஒரு மேடைக்கு ஏழு படி இருக்கிறது என்பதற்காக ஒரு கலைஞன் கலையை விட வேண்டுமா?

4. சட்டம் என்ன சொல்கிறது என்பதைத் தங்களுக்கு நான் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. இருந்தாலும் சொல்கிறேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016இல் வந்தது. கலை, பண்பாடு, பொழுதுபோக்கு இவற்றில் மாற்றுத்திறனாளிகளுக்குச் சம உரிமை உண்டு என்று அதன் 29ஆம் பிரிவு கூறுகிறது. ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்களை, விதிகள் வெளியான நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் அவர்கள் வந்து போக ஏற்றபடி மாற்ற வேண்டும் என்கிறது 45ஆம் பிரிவு. விதிகள் 2017 ஜூனில் வந்தன. ஐந்து ஆண்டுகள் 2022 ஜூனிலேயே முடிந்துவிட்டன. இந்த வசதிகளைக் கட்டாயமாக்கும் விதிகளை வகுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்புக்கும் ஓர் ஆண்டு ஆகிவிட்டது. இன்னும் எதற்காகக் காத்திருக்கிறோம்?

இடமில்லை என்று சொல்ல முடியாது. ஒரு படி அரை அடி. ஏழு படிக்கு மூன்றரை அடி உயரம். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்ற கணக்கில் 42 அடிச் சாய்தளம் வேண்டும். நடுவில் நின்று இளைப்பாற ஐந்து அடி சமதளம் விட்டாலும் 47 அடிதான். கிழக்குச் சுவரை ஒட்டி 60 அடி காலியாகக் கிடக்கிறது. நானே டேப் பிடித்து அளந்தேன். செங்குத்தாக எட்டு அடியில் ஒரு சறுக்கைக் கட்டிவிட்டுக் கணக்கு முடிக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். அப்படிப்பட்டவற்றை வேறு இடங்களில் பார்த்திருக்கிறேன். அவற்றில் பின்னால் தள்ளுபவருக்கே மூச்சு வாங்கும், தானாக ஏறுவது எப்படி? இரு பக்கமும் கைப்பிடிக் கம்பி வேண்டும். கட்ட ஒரு வாரம், தண்ணீர் ஊற்றி இறுக இரண்டு வாரம் போதும் என்று எங்கள் தெருக் கொத்தனார் சொல்கிறார்.

இரண்டாம் மனுவுக்குப் பிறகு ஒருவர் வந்து அளந்தார். சுவரில் சிவப்புப் பெயிண்டில் ஒரு கோடு போட்டார். அந்தக் கோடு இன்றும் இருக்கிறது. தாங்கள் வந்தால் காட்டுகிறேன். மூன்றாம் மனுவுக்கு, "தங்கள் மனு மீது நடவடிக்கை எடுக்கப்பட்டு முடித்துவைக்கப்பட்டது" என்று கைபேசிக்குக் குறுஞ்செய்தி வந்தது. அதைப் படித்ததும் சந்தோஷத்தில் செருப்புக்கூடப் போடாமல் அரங்கத்துக்கு ஓடினேன். அங்கே ஒரு செங்கல்கூட இல்லை. எதை முடித்துவைத்தீர்கள்? அதை மட்டும் சொல்லுங்கள் ஐயா. அறுபத்தொரு வயதில், ஒவ்வொரு முறையும் திங்கட்கிழமை காலையில் வரிசையில் நின்று டோக்கன் வாங்கி, மனு கொடுத்து, ரசீதைப் பத்திரமாகக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காத்திருக்கிறேன். முடியாது என்றாவது ஒரு பதில் எழுதியிருக்கலாம்.

முடியாததும் இல்லை. 2024 ஏப்ரல் 19 வாக்குப்பதிவுக்கு, அரங்கத்தை அடுத்த கட்டடமான படிப்பகத்தில்தான் சாவடி. முதல் நாள் இரவே பலகையில் சாய்தளம் போட்டுவிட்டார்கள். அந்தப் பிள்ளை தானே சக்கரத்தை உருட்டிக்கொண்டு போய் ஓட்டுப் போட்டுவிட்டு, விரல் மையைக் காட்டிச் சிரித்துக்கொண்டே வந்தான். மறுநாள் பலகையைக் கழற்றி எடுத்துப் போனார்கள். ஓட்டுப் போட மட்டும் வழி வேண்டும், பறை அடிக்க வேண்டாமா?

5. சாய்தளம் அவன் ஒருவனுக்காக மட்டும் இல்லை. மேளம் தூக்குபவர்கள், முழங்கால் வலிக்கும் நாடகக்காரப் பெரியவர், தள்ளுவண்டியில் பிள்ளையை வைத்துக்கொண்டு பரிசு வாங்க வருகிற தாய் என்று எல்லோருக்கும் பயன்படும். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், நான் கேட்பது அவனுக்காகத்தான். அலங்காநல்லூரைச் சேர்ந்த வேலு ஆசானுக்குப் பறைக்காக இந்த ஆண்டு பத்மஸ்ரீ அறிவித்த அன்று எங்கள் பையன்கள் ஐந்து பேரும் தெருவில் அடித்துக் கொண்டாடினார்கள். தெருவுக்குப் படி கிடையாது. அன்று அவன் நடுவில் இருந்தான்.

6. மேலே 1, 2இல் கேட்டவற்றைத் தாமதமாகச் செய்தாலும் பொறுத்துக்கொள்வோம். விளக்கை நாங்களே வாங்கிப் போட்டுக்கொள்கிறோம். தார்ப்பாயை இன்னும் ஓர் ஆண்டு பிடித்துக்கொள்கிறோம். 3ஐ மட்டும் தள்ளிப் போடாதீர்கள்.

ஐயா, கடுமையாக எழுதியிருந்தால் மன்னிக்க வேண்டும். தங்கள் மேல் கோபமில்லை. தாங்கள் இந்தப் பொறுப்புக்கு வருவதற்கு முன்பே முதல் இரண்டு மனுக்களும் கொடுக்கப்பட்டவை என்பதையும் அறிவேன். ஆனால் மூன்றாவது தங்கள் மேசைக்கு வந்ததுதான்.

அடுத்த விழா 18.01.2026 ஞாயிறு மாலை 6 மணிக்கு. இன்றிலிருந்து 69 நாள்கள் இருக்கின்றன. கிழக்குச் சுவர் ஓரத்தில் 42 அடிச் சாய்தளம் கட்டித் தரும்படி தங்களை மிகப் பணிவோடு மீண்டும் கேட்டுக்கொள்கிறேன். தாங்களோ பொறியாளரோ எந்த நாளில் வந்தாலும், முதல் நாள் ஒரு போன் செய்தால் போதும். டேப்போடு நான் அரங்கத்தில் நிற்பேன். முந்தைய மூன்று மனு ரசீதுகளின் நகல்களையும், அந்தச் சிவப்புக் கோட்டின் புகைப்படத்தையும், தெருவில் 114 பேர் போட்ட கையெழுத்துகளையும் இத்துடன் இணைத்திருக்கிறேன். நூற்றுப் பதினான்காவது கையெழுத்து அவனுடையது. போட மாட்டேன் என்று இரண்டு நாள் சொல்லிக்கொண்டிருந்துவிட்டு, நேற்று இரவு தானே கேட்டு வாங்கிப் போட்டான்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
செயலாளர், தெருக் கலைவிழாக் குழு