உன் ரூம்ல ஒடஞ்ச பேட் ஒண்ணு இருக்கு

கண்ணா,

வேளைக்கு சாப்பிடுறியா? போன்ல சொன்னா மீட்டிங் வந்துருச்சும்மான்னு பாதியில வச்சிருவ, அதான் உக்காந்து டைப் பண்றேன். நம்ம ஊரு பேஸ்பால் டீம் போர்ன் பிரேவ்ஸ் ஜெயிச்சுட்டாங்கடா! காலேஜ் பசங்க கோடை லீவுல ஆடுற கேப் காட் லீக்ல 2022 சாம்பியன். 2009ல ஒரு தடவ ஜெயிச்சது, அப்புறம் 13 வருஷம் கழிச்சு இப்பதான். போன வருஷம் ஃபைனல்ல எந்த ப்ரூஸ்டர் டீம்கிட்ட தோத்தாங்களோ அதே ப்ரூஸ்டரத்தான் இந்த தடவ அடிச்சிருக்காங்க. அப்பா சேரை விட்டு எந்திரிச்சு கத்துனாரு பாரு, அவருக்கு அவ்வளவு சத்தம் வரும்னே எனக்கு தெரியாது.

உன் ரூம்ல டீம் பையன் ஒருத்தன தங்க வச்சிருக்கோம்னு சொன்னேன்ல, டெக்சாஸ்ல காலேஜ் படிக்கிறவன். ஜூன்ல வந்தப்ப ஆளே சுருங்கி போயிட்டான். காலேஜ்ல அலுமினிய பேட்ல ஆடி பழகுன பசங்க, இந்த லீக்ல 1985லேருந்தே மரப் பேட் மட்டும்தான். மரத்துல பந்து சரியான எடத்துல படலேன்னா விரல் பூரா விண்ணுனு தெறிக்குமாம், இல்ல பேட்டே ஒடஞ்சிரும். ராத்திரி 11 மணிக்கு வருவான், தோசை ஊத்தி குடுப்பேன், விரலுக்கு கீழ காப்பு காய்ச்சி கெடந்த எடத்த தடவிகிட்டே உக்காந்திருப்பான், எப்படி ஆடினப்பான்னா "ஓகே"ம்பான், அவ்வளவுதான்.

அப்புறம் ஜூலையில ஒரு நாள் நம்ம டீம் கிரவுண்டு டோரன் பார்க்ல 'டொக்'னு ஒரு சத்தம், நான் பந்த பாக்கவே இல்ல, சத்தத்துலயே தெரிஞ்சுபோச்சு பையன் மீண்டுட்டான்னு. மாட் ஷான்னு மேரிலாண்ட் காலேஜ் பையன் வேற இருந்தான், .360 ஆவரேஜ் அடிச்சு லீக்குக்கே எம்விபி, அதான் சிறந்த ஆட்டக்காரன், பத்துக்கு மூணு அடிச்சாலே பெரிய ஆளுங்கற ஆட்டம்டா இது. ஒரு பைசா சம்பளம் கிடையாது யாருக்கும், பாக்க போற நமக்கும் டிக்கெட் கிடையாது, சும்மாவே பாக்கலாம்.

நீ சின்ன பசங்க பேஸ்பால், லிட்டில் லீக் ஆடினப்ப நான் ஒரு கேம் கூட முழுசா பாக்கல. பார்க்கிங்ல இறக்கி விட்டுட்டு ஷிஃப்டுக்கு ஓடிருவேன், திரும்ப வரும்போது க்ளவுஸ கக்கத்துல வச்சுகிட்டு தனியா நிப்ப, நீயும் "ஓகே"ன்னுதான் சொல்லுவ, நானும் சரின்னு வண்டிய எடுத்துருவேன். 12 வயசுல நீ நிறுத்தினப்ப படிப்புக்கு நல்லதுன்னு சந்தோஷம் வேற பட்டேன். இந்த பையன் தட்டு முன்னாடி பேசாம உக்காந்திருந்த ராத்திரிங்கள்ல எல்லாம் எனக்கு உன் மொகம்தான் வந்துச்சு. தப்பு பண்ணிட்டேன் கண்ணா.

அவன் நேத்து கெளம்பிட்டான், ஒடஞ்ச பேட் ஒண்ண குடுத்துட்டு போயிருக்கான், கைப்பிடில வழுக்காம இருக்க பூசுற பைன் டார் இன்னும் பிசுபிசுன்னு ஒட்டுது. உன் பழைய க்ளவுஸ் பக்கத்துல சாத்தி வச்சிருக்கேன், ஆமா, அத நான் தூக்கி போடல. அடுத்த வருஷம் ஜூலையில ஒரு வாரம் லீவு போட்டுட்டு வா. எனக்கு ரூல்ஸ்ல இன்னும் நெறைய சந்தேகம் இருக்கு, உங்கப்பாவ கேட்டா தப்பு தப்பா சொல்றாரு.

அம்மா