வசந்திக்கு, ரீம்ஸ் நிலவறைகளைப் பற்றி

அன்புள்ள வசந்தி,

உன் குரல் செய்தியைக் கேட்டுச் சிரித்துவிட்டேன். "ஷாம்பெய்ன் ஊருக்கே போயிருக்கிறாய், குடித்தாயா இல்லையா, அதை முதலில் சொல்லடி" என்கிறாய். குடித்தேன். ஒரு வாய், இல்லை, இரண்டு வாய் என்றே வைத்துக்கொள். பிடித்ததா என்றால் பிடிக்கவில்லை. புளிப்பு நாக்கில் நின்றது, ஏப்பம் வந்தது, அவ்வளவுதான். ஆனால் அது செய்யப்படும் இடம் மிகவும் பிடித்துவிட்டது. அதைப் போனில் சொன்னால் நடுவில் உன் வீட்டுக் காலிங்பெல் அடிக்கும், என் பேத்தி போனைப் பிடுங்குவாள். அதனால்தான் எழுதுகிறேன்.

அந்த ஊர் ரீம்ஸ், பாரிஸிலிருந்து கிட்டத்தட்ட 145 கிலோமீட்டர். அதிவேக ரயிலில் முக்கால் மணி நேரம். கூட்டத்தோடு கூட்டமாகப் போகும் பஸ் பயணமும் உண்டு. என் முழங்கால் பஸ்ஸுக்கு ஒத்துவராது. மாப்பிள்ளை கார் ஓட்டினால் அவர் ஒரு கிளாஸைக்கூட நிம்மதியாக ருசி பார்க்க முடியாது, இங்கே போலீஸ் அதில் கண்டிப்பு. அதனால் மகள் கவிதா எங்களுக்கு மட்டுமாக ஒரு காரும், வழிகாட்டியாகவும் இருக்கும் ஓட்டுநரும் பேசி வைத்திருந்தாள். காசு கூடுதல்தான், மறைப்பானேன். ஆனால் நினைத்த இடத்தில் நிறுத்தி, நினைத்ததைக் கேட்டு, என் வேகத்தில் நடக்க முடிந்தது. ஓட்டுநர் அந்தப் பக்கத்துக்காரர். அவருடைய பாட்டி அறுவடைக் காலத்தில் திராட்சை பறிக்கப் போனவராம். இப்போதும் ஷாம்பெய்னுக்கான திராட்சையைக் கையால்தான் பறிக்க வேண்டும், இயந்திரம் கூடாது என்று விதியே இருக்கிறது.

ரீம்ஸில் சேன் நிக்கேஸ் என்று ஒரு மேடு. மேலே பார்த்தால் புல்வெளியும் கட்டடங்களும்தான், விசேஷமெல்லாம் கீழே. அந்த மேடு முழுக்கச் சுண்ணக்கல். கரும்பலகையில் நாம் ஆயுள் முழுக்க எழுதித் தேய்த்த சாக்பீஸுக்குப் பெயர் கொடுத்த கல், கால்சியம் கார்பனேட். பல நூற்றாண்டுகளுக்கு முன்பு கட்டடக் கல்லுக்காக இதைத் தோண்டியிருக்கிறார்கள். மேலே சின்ன வாய், கீழே போகப் போக அகலம், புனலைக் கவிழ்த்து வைத்தது போல. வாய் சின்னதாக இருந்தால் மழையும் உறைபனியும் உள்ளே போகாது, கல்லும் கெடாது. வெட்டி எடுத்த கல் ஊர் கட்டப் போய்விட்டது, குழி மட்டும் மிச்சம். நூற்றாண்டுகள் கழித்து யாரோ கவனித்திருக்கிறார்கள், அந்தக் குழிகளுக்குள் கோடையானாலும் குளிரானாலும் 10 முதல் 12 டிகிரிதான் என்று. புட்டிகளுக்கு அதைவிட நல்ல இடம் எது? யுனெஸ்கோ 2015இல் இந்த மேட்டையும், எபெர்னே ஊர்ப் பக்கத்துத் திராட்சைச் சரிவுகளையும், அந்த ஊரின் ஷாம்பெய்ன் வீதியையும் சேர்த்து உலகப் பாரம்பரியப் பட்டியலில் போட்டிருக்கிறது.

நாங்கள் முதலில் பார்த்தது பொமரி நிறுவனத்தின் நிலவறை. இறங்க 116 படி. நடுவில் நின்று நின்று இறங்கினேன். மாப்பிள்ளை எனக்காக ஒவ்வொரு முறையும் தன் ஷூ நாடாவைச் சரிசெய்வதுபோல் நடித்தார், நல்ல பிள்ளை. கீழே 30 மீட்டர் ஆழத்தில் சுரங்கப் பாதைகள் 18 கிலோமீட்டருக்கு ஓடுகின்றன, பழைய சுண்ணக்கல் குழிகள் 120ஐ ஒன்றோடொன்று இணைத்து. இதைச் செய்தவர் ஒரு பெண், வசந்தி. கணவர் லூயி பொமரி 1858இல் இறந்தபோது அவருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை, கையில் குழந்தை. ஷாம்பெய்ன் பெரிதாக இல்லாத ஒரு வியாபாரத்தை ஷாம்பெய்ன் பக்கம் முழுக்கத் திருப்பி, இந்த மேட்டையும் வாங்கி, 1868இல் கீழே வேலையைத் தொடங்கினார். இரண்டே வருடத்தில் ஜெர்மானியர்களோடு போர். அதன் பிறகும் நிறுத்தவில்லை.

அதே மேட்டில்தான் வவ் கிளிக்கோ நிலவறையும். மஞ்சள் லேபிள் புட்டி, விமான நிலையக் கடையில் நீயும் பார்த்திருப்பாய். அங்கே கேட்ட கதையைத்தான் உனக்கு எழுத வேண்டும் என்று இறங்கும்போதே தீர்மானித்தேன்.

பார்ப்-நிக்கோல் என்ற பெண். 1805இல் கணவர் இறக்கும்போது வயது 27, ஒரே மகள். மாமனார் பிலிப் கிளிக்கோ கடையை மூடிவிடலாம் என்றிருக்கிறார். இந்தப் பெண் போய், நான் நடத்துகிறேன், பணம் போடுங்கள் என்று கேட்டார். மாமனார் ஒப்புக்கொண்டார், ஆனால் அனுபவமுள்ள ஓர் ஆணைக் கூட்டாளியாக வைத்துக்கொண்டு தொழில் படிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. நாலு வருடம் அந்தக் கூட்டு. லாபம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை, கூட்டாளி விலகினார். இந்தப் பெண் மறுபடி மாமனாரிடம் போய்ப் பணம் கேட்டு, 1810இலிருந்து தன் பெயரிலேயே நடத்தினார். நெப்போலியன் காலத்துச் சட்டப்படி கல்யாணமான பெண் கணவனைக் கேட்காமல் கடை வைக்க முடியாது. கணவன் போன பிறகுதான் அவள் கையெழுத்துக்கு மதிப்பு. யோசித்துப் பார், எவ்வளவு கோணலான சட்டம்!

உன் கொழுந்தனார் அரிசி ஆலையை விற்றுவிடலாம் என்று மறுபடி ஆரம்பித்திருக்கிறார் என்றாயே. எனக்கு அந்த மாமனார் ஞாபகம்தான் வந்தது. ஆனால் ஒரு வித்தியாசம், அவர் கடைசியில் பணம் கொடுத்தார். அண்ணன் போன பிறகு நீ ஓட்டின ஆலைக்கு இவர் ஒரு மூட்டை நெல்லாவது கொடுத்தாரா? விற்பதா வேண்டாமா என்று நான் சொல்ல மாட்டேன், உன் முதுகுவலி உனக்குத்தான் தெரியும். ஆனால் ஆலை நஷ்டத்தில் ஓடுகிறது என்று அவர் சொல்வதை மட்டும் கணக்கைப் பார்க்காமல் நம்பாதே.

கிளிக்கோ அம்மாள் கதைக்கு வருகிறேன். 1814இல் நெப்போலியன் விழுந்தார். ஐரோப்பாத் துறைமுகங்கள் இன்னும் சரியாகத் திறக்கவில்லை. மற்ற வியாபாரிகள் சமாதானம் வரட்டும் என்று காத்திருந்தபோது இவர் சத்தமில்லாமல் ஒரு டச்சுக் கப்பலைப் பிடித்துப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட புட்டிகளைப் பால்டிக் கடல் வழியாக அனுப்பிவிட்டார். எல்லாம் வால்நட்சத்திரம் தெரிந்த 1811ஆம் வருட அறுவடை. ரஷ்யாக்காரர்கள் அடித்துப் பிடித்து வாங்கினார்கள். போட்டியாளர்கள் விழித்துப் பார்ப்பதற்குள் சந்தை இவர் கையில். கப்பல் மூழ்கியிருந்தாலோ பிடிபட்டிருந்தாலோ அன்றோடு கதை முடிந்திருக்கும். நான் அந்த இடத்தில் இருந்தால் அனுப்பியிருக்க மாட்டேன், சத்தியமாக.

எனக்குப் பிடித்த பகுதி இதற்கும் அடுத்தது. ஷாம்பெய்னில் குமிழி எப்படி வருகிறது தெரியுமா? சாதாரண ஒயினைப் புட்டியில் ஊற்றி, கொஞ்சம் சர்க்கரையும் ஈஸ்டும் சேர்த்து அடைத்துவிடுவார்கள். உள்ளேயே இரண்டாவது முறை நொதிக்கும். பத்தாம் வகுப்பில் நாம் எழுதிப்போட்ட சமன்பாடுதான், குளுக்கோஸிலிருந்து எத்தனாலும் கார்பன் டை ஆக்சைடும். வாயு வெளியே போக வழியில்லை, ஒயினிலேயே கரைந்து நிற்கும். அழுத்தம் ஆறு வளிமண்டலம் வரைக்கும் போகும், கார் டயரில் இருப்பதைப் போல இரண்டு மூன்று மடங்கு. அந்தக் காலத்துக் கண்ணாடி இதைத் தாங்காது. ஒரு புட்டி வெடித்தால் பக்கத்துப் புட்டிகளும் வரிசையாக வெடிக்கும். தொழிலாளிகள் முகத்தில் இரும்புக் கவசம் மாட்டிக்கொண்டு உள்ளே போயிருக்கிறார்கள்.

வெடிக்காமல் பிழைத்த புட்டியிலும் ஒரு தொல்லை, செத்த ஈஸ்ட் அடியில் கசடாகத் தங்கிவிடும். ஒயின் கலங்கலாக இருக்கும். வேறு புட்டிக்கு மாற்றினால் குமிழி போய்விடும். இந்த அம்மாள் என்ன செய்தார் என்றால், ஒரு மேசையில் ஓட்டைகள் போடச் சொல்லி, புட்டிகளைத் தலைகீழாகச் சொருகி வைத்து, நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்ப வைத்தார். கசடு வழுக்கி வழுக்கிக் கழுத்துக்கு வந்து நிற்கும். திறந்ததும் அழுத்தமே அதை வெளியே தள்ளிவிடும். இழந்த கொஞ்சத்தை நிரப்பி மறுபடி அடைத்துவிடலாம். 1816இல் செய்தது. அவருடைய நிலவறை மேற்பார்வையாளர் முல்லர் கூட இருந்து மெருகேற்றினார். பயிற்சி பெற்ற ஆள் ஒருவர் ஒரு நாளைக்கு 40,000 புட்டிவரை திருப்புவாராம். இன்று பெரும்பாலும் இயந்திரக் கூண்டுகள் ஒரு வாரத்தில் முடித்துவிடுகின்றன. கழுத்தை மட்டும் மைனஸ் 25 டிகிரியில் உறைய வைத்துத் திறக்கிறார்கள், கசடு ஒரு சின்னப் பனிக்கட்டியாகத் தெறித்து வெளியே வரும். தத்துவம் இன்னும் அந்த மேசையேதான். சோதனைக் கூடத்தில் நாம் வீழ்படிவை வடிகட்ட என்ன பாடுபட்டோம்!

இன்னொன்று. 2010இல் பால்டிக் கடலில் பின்லாந்துக்குச் சொந்தமான ஓலாந்து தீவுகள் பக்கம் மூழ்கின பழைய கப்பலிலிருந்து 168 புட்டிகளை எடுத்தார்கள், கிளிக்கோவும் அதில் உண்டு. ஆராய்ந்து பார்த்தால் லிட்டருக்கு 140 கிராமுக்கு மேல் சர்க்கரை! இன்றைக்கு 'புரூட்' என்று போட்டு விற்பதில் 12 கிராமைத் தாண்டக் கூடாது. இந்த இனிப்பைக் குறைக்கத் துணிந்தவர் நான் முதலில் சொன்ன பொமரி அம்மாள். ஆங்கிலேயர்கள் சாப்பாட்டோடு குடிக்க இனிப்பில்லாததைக் கேட்கிறார்கள் என்று கண்டுபிடித்து 1874இல் அப்படி ஒன்றை இறக்கினார். சர்க்கரை குறைந்தால் திராட்சையின் குறையை மறைக்க முடியாது, நன்றாகப் பழுக்க வைக்க வேண்டும், அதிக நாள் வைத்திருக்க வேண்டும். அதனால் மற்றவர்கள் தொடத் தயங்கின வேலை அது. கதிர் பொறுக்கும் மூன்று பெண்களை மில்லே வரைந்த ஓவியம் ஒன்று பாரிஸ் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதை விலைக்கு வாங்கி நாட்டுக்குக் கொடுத்தவரும் இவர்தான்.

பொமரி நிலவறையில் வழிகாட்டிப் பெண் போகிற போக்கில் சொன்ன ஒரு விஷயத்தில் நான் நின்றுவிட்டேன். முதல் உலகப் போரில் ரீம்ஸ் மேல் வருடக்கணக்காகக் குண்டு விழுந்தது. கதீட்ரல் 1914 செப்டம்பரிலேயே எரிந்தது, ஊரில் பெரும்பகுதி தரைமட்டம். மக்கள் இந்த நிலவறைகளில் குடியிருந்தார்கள், பள்ளிக்கூடமும் இங்கேயே நடந்தது. புட்டிகளுக்கு நடுவே பெஞ்சு போட்டு, விளக்கு வெளிச்சத்தில் பாடம். பத்து டிகிரியில் பிள்ளைகள் எப்படி எழுதினார்களோ, விரல் விறைத்துப் போகாதா? சால்வை போர்த்திய எனக்கே முக்கால் மணி நேரத்தில் மூக்கு ஒழுகிற்று. அந்த டீச்சர்களைப் பற்றி இன்னும் கேட்க நினைத்தேன், குழு நகர்ந்துவிட்டது.

கதீட்ரலுக்கும் போனோம். பிரெஞ்சு மன்னர்கள் முடிசூடின இடம். மற்றதை நீ படத்தில் பார்த்துக்கொள். 1954இல் வைத்த வண்ணக் கண்ணாடி ஜன்னலில் திராட்சை வளர்ப்பும் ஒயின் செய்வதும் வரைந்திருக்கிறார்கள், அதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

மத்தியானம் திராட்சைச் சரிவுகள் வழியாக ஓவிலேர் கிராமம். டொம் பெரின்யோன் என்ற துறவியின் கல்லறை அங்கே தேவாலயத்துக்குள். ஷாம்பெய்னைக் கண்டுபிடித்தவர் என்று எல்லோரும் சொல்வது இவரைத்தான். 1668இல் அங்கே மடத்துச் சரக்கறைப் பொறுப்பாளராக வந்து 1715இல் இறக்கும்வரை இருந்தார். பல தோட்டத்துத் திராட்சைகளைக் கலந்து நல்ல ஒயின் செய்வதில் கெட்டிக்காரர். ஆனால் குமிழியை அவர் குறையாகத்தான் பார்த்தார், வராமல் தடுக்கவே முயன்றார். சர்க்கரை சேர்த்தால் ஒயின் குமிழிவிடும் என்று இங்கிலாந்தில் கிறிஸ்டோபர் மெரெட் என்பவர் 1662லேயே எழுதி வைத்துவிட்டார். ஷாம்பெய்னைக் குடித்துவிட்டு "நட்சத்திரங்களைக் குடிக்கிறேன்" என்று துறவி சொன்னதாக வரும் கதையெல்லாம் பிற்காலத்து விளம்பரம். எபெர்னேயில் அவருக்குத்தான் சிலை, கையில் புட்டியோடு. பொறாமை இல்லை, ஆனால் மேசையில் ஓட்டை போட்ட அம்மாளுக்கும் ஒன்று வைத்தால் என்ன?

எனக்கு மிகவும் மனதுக்குப் பிடித்தது ஒரு சின்னத் தோட்டக்காரர் வீடு. கணவன், மனைவி, ஒரு நாய். நிலவறை நம் வீட்டு ஹால் நீளம்தான். இந்த வட்டாரத்துத் தோட்டங்களில் ஏறத்தாழ 90 சதவீதம் இவர்களைப் போன்ற விவசாயிகளுடையது. பெரிய நிறுவனங்கள் பெரும்பாலும் திராட்சையை விலைக்குத்தான் வாங்குகின்றன. அந்த விலைக்காகத்தான் 1911இல் பெரிய கலவரம். வெளியூர்த் திராட்சையைக் கலந்து ஷாம்பெய்ன் என்று விற்கிறார்கள் என்று கொதித்துப்போய், ஆயி என்ற ஊரில் வியாபாரிகளின் கட்டடங்களுக்குத் தீ வைத்தார்கள், ஒயின் தெருவில் ஓடியது, ராணுவம் வந்தது. தஞ்சாவூர்க்காரியான உனக்கு நான் இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

நீ கேட்ட விவரம்: உன் மகளும் மாப்பிள்ளையும் வசந்தத்தில் வரும்போது, ஒரு பெரிய நிலவறை, ஒரு சின்ன வீடு, அதோடு நிறுத்திக்கொள்ளச் சொல். மூன்றாவது சுரங்கத்துக்குப் பிறகு எல்லாம் ஒன்றாகவே தெரியும். பெரிய இடங்களுக்கு முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும், ஆங்கிலத்தில் சுற்றிக்காட்டும் நேரம் எது என்று பார்த்துப் பதிவு செய்யச் சொல். சின்ன வீடுகளை லேபிள் ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும் ஆர்.எம். என்ற குறியால் கண்டுபிடிக்கலாம், தன் தோட்டத்துத் திராட்சையில் தானே செய்தது என்று அர்த்தம். சின்னவர்களாகப் போவதால் ரயிலே போதும், ரீம்ஸ் ஸ்டேஷனில் இறங்கி அங்கிருந்து டாக்சி. ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளாமல் இறங்க வேண்டாம்.

ரீம்ஸில் ரோஜா நிறத்தில் ஒரு பிஸ்கட் விற்கிறார்கள், ஷாம்பெய்னில் தோய்த்துத் தின்பதாம். காப்பியில் தோய்த்தாலும் நன்றாகத்தான் இருக்கிறது. உனக்கு ஒரு பெட்டி வாங்கி வைத்திருக்கிறேன். முட்டை சேர்த்தது, உன் மாமியார் கண்ணில் படாமல் வைத்துக்கொள்.

அன்புடன்,
சாந்தா