ஐயாவின் ஃபோர்ட்ரானுக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

எல்லாருக்கும் வணக்கமுங்க.

குழாயில் தண்ணீர் அறையும் அடியைக் கணக்குப் போட ஐயா ஃபோர்ட்ரான் என்ற பழைய கம்ப்யூட்டர் மொழியில் எழுதிய ப்ரோகிராமை, இன்றைய பைத்தான் மொழியிலிருந்து ஓட்டும்படி நான் கட்டிய பேக்கேஜ் போன வாரம் ஒருவழியாக வெளியே போய்விட்டது. இனி பிப் இன்ஸ்டால் என்று ஒரு வரி தட்டினால் போதும், பைத்தானுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். பார்த்தவர்கள் எல்லாம் என்னைப் பாராட்டுகிறார்கள், எனக்கோ கூச்சமாக இருக்கிறது, ஏனென்றால் அதில் கணக்கு என்று இருப்பது முழுக்க ஐயா எழுதியது, அதைப் பொட்டலம் கட்டியது மட்டும்தான் நான், அந்தப் பொட்டலத்திலும் பாதி முடிச்சு வேறு ஆட்கள் போட்டது. அதற்காகத்தான் இந்த மடல்.

விஷயம் தெரியாதவர்களுக்கு ரெண்டு வரி. போர்வெல் மோட்டார் ஓடும்போது கரண்ட் போனால் என்ன ஆகும் என்று நம்ம பக்கம் தோட்டம் வைத்திருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மேலே ஏறிக்கொண்டிருந்த தண்ணீர் நின்று, திரும்பி, தண்ணீரைக் கீழே திரும்ப விடாத என்ஆர்வி வால்வில் வந்து அறையும். 'டங்'. வாட்டர் ஹேமர். இரும்புக் குழாயில் அந்த அழுத்த அலை நொடிக்கு 1000 மீட்டருக்கு மேல்கூட ஓடும். நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் போகிற தண்ணீரைச் சட்டென்று நிறுத்தினால் சுமார் 100 மீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தம் கூடுதலாகக் குழாய்மேல் விழும். பிவிசி பைப் கொஞ்சம் இளகிக் கொடுக்கும், அலை மெதுவாகப் போகும், அடியும் குறையும், ஆனால் அதன் தாங்குசக்தியும் குறைச்சல்தான். இந்த அடி எங்கே எப்போது விழும், எவ்வளவு விழும் என்று கணக்குப் போடும் ப்ரோகிராமை ஐயா கோவையில் பம்பு டிசைன் வேலையில் இருந்தபோது, 1980களில், ஃபோர்ட்ரான் 77-இல் எழுதினார்.

"பைத்தான்லயே திருப்பி எழுதிட்டாப் போச்சே" என்று கேட்காத ஆளில்லை. எழுதலாம். ஆனால் நேரத்தைச் சின்னச் சின்னப் படிகளாக வெட்டி, ஒவ்வொரு நேரப்படியிலும் குழாயின் ஒவ்வொரு புள்ளிக்கும் சுற்றிச் சுற்றி வருகிற அந்த லூப் வெறும் பைத்தானில் நொண்டும், அதைவிட முக்கியம், அதற்குள் இருக்கிற முப்பது வருசத் திருத்தங்களை நான் எங்கே போய்த் தேடுவேன்? 1957-இல் ஐபிஎம்மில் ஜான் பேக்கஸ் ஆட்கள் கொண்டுவந்த மொழி, பழசுதான். ஆனால் இன்றைக்கும் பைத்தானின் கணக்குத் தொகுப்பான நம்பையிடம் ஒரு சமன்பாட்டுத் தொகுதியைத் தீர்க்கச் சொன்னால் அடியில் ஓடுவது ஃபோர்ட்ரானில் பிறந்த லேப்பேக் என்ற கணக்குத் தொகுப்புதான்.

முதல் நன்றி ஐயாவுக்கு. சூலூர் பக்கம் அவர் வீட்டுக்குப் போய், "இதை எல்லாருக்கும் திறந்துவிடலாமுங்களா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். ஒன்றும் பேசாமல் உள்ளே போய், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம், தனக்குக் காசு வேண்டாம் என்று கைப்பட ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொண்டுவந்தார். அது இல்லாமல் லைசென்ஸ் ஃபைலில் ஒரு எழுத்துகூட நான் போட்டிருக்க முடியாது. கூடவே ஒரு டிரங்குப் பெட்டியையும் இழுத்துவந்து வைத்தார். உள்ளே ஓரத்தில் ஓட்டை போட்ட கம்ப்யூட்டர் தாள், டாட் மேட்ரிக்ஸ் அச்சு, பாதி வெளுத்துப்போய். அந்தக் காலத்து விடைகள்.

அதுதான் என் டெஸ்ட் டேட்டா. புதுப் பேக்கேஜ் சரியாகக் கணக்குப் போடுகிறதா என்று தெரிய அதை விட்டால் வேறு சாட்சி இல்லை. மொபைலில் படம் எடுத்து எழுத்தறியும் மென்பொருளிடம் கொடுத்தேன், பாதி எண் கண்டபடி வந்தது. கடைசியில் அம்மாதான். எட்டாவது வரை படித்தவர். மூன்று சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து தாளை மடியில் விரித்து, "நூத்தி ரெண்டு புள்ளி நாலு ஒண்ணு" என்று வாசிக்க வாசிக்க நான் தட்டினேன். ரெண்டாம் நாள் வாசிப்பதை நிறுத்திவிட்டு, "ஏங் கண்ணு, மேல இருந்து எல்லாம் எறங்கிட்டே வருது, இது மட்டும் ஏன் ஏறுது?" என்றார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் 83. மை போய் 88 மாதிரித் தெரிந்திருக்கிறது. அம்மாவுக்கு வாட்டர் ஹேமரும் தெரியாது பைத்தானும் தெரியாது. அந்த ஒரு எண்ணை விட்டிருந்தால் சரியாக இருக்கும் ப்ரோகிராமைத் தப்பு என்று நினைத்து ஒரு வாரம் நோண்டியிருப்பேன்.

அப்புறம் திருப்பூர்த் தம்பி. இவன் கண்டுபிடித்ததை நினைத்தால் இன்னும் சிரிப்பு வருகிறது. எல்லா விடையும் ஆயிரத்தில் ஒரு பங்கு தள்ளி வந்துகொண்டிருந்தது. பெரிய வித்தியாசம் இல்லை, விட்டுவிடலாம் என்றுகூட நினைத்தேன். அவன் விடவில்லை, ராத்திரி பனியன் கம்பெனி வேலை முடிந்து வந்து ஒவ்வொரு வரியாக எண்ணியிருக்கிறான், எழுத்தை எண்ணியிருக்கிறான் என்கிறேன். ஒரு எழுத்துக்கு ஒரு கட்டம் என்று வைத்தால், பழைய ஃபோர்ட்ரானில் ஒரு வரியில் 72-ஆம் கட்டம் வரைதான் கணக்கு. ஓட்டை போட்ட அட்டையான பஞ்ச் கார்டில் 80 கட்டம் இருந்த காலத்தில் கடைசி எட்டும் கார்டு வரிசை எண்ணுக்கு. நான் படிக்க அழகாக இருக்கட்டும் என்று ஒரு வரியை ஒரு கட்டம் வலப்பக்கம் தள்ளியிருந்தேன். வரியின் கடைசியில் இருந்த 9.81-இல் அந்த 1 போய் 73-இல் விழுந்துவிட்டது. ப்ரோகிராமை மெஷின் மொழிக்கு மாற்றும் கம்பைலர் 9.8 என்று எடுத்துக்கொண்டு வாயே திறக்கவில்லை. புவியீர்ப்பையே குறைத்துவிட்ட ஆள் நான். எச்சரிக்கைகளைக் காட்டச் சொல்லியிருந்தால் சொல்லியிருக்கும், நான்தான் வார்னிங் ரொம்ப வருகிறதே என்று அணைத்து வைத்திருந்தேன். தம்பி, உனக்கு ஒரு பிரியாணி பாக்கி.

சென்னிமலை அண்ணனுக்கு நன்றி, அவர் சொன்ன விதத்துக்காகவே. ஐயாவின் ப்ரோகிராமைப் பைத்தானோடு இணைக்க எஃப்டுபை என்று ஒரு கருவி இருக்கிறது, பியாரு பீட்டர்சன் ஆரம்பித்தது, இப்போது நம்பையோடே வருகிறது, அவருக்கும் அதைப் பராமரிப்பவர்களுக்கும் இங்கேயே ஒரு கும்பிடு. இணைத்தேன், விடை சரி, ஆனால் வேகம் எதிர்பார்த்ததில் பாதிகூட இல்லை. அண்ணன் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. "துணியில கட்டம் எண்ணச் சொன்னா நீ ஊடை வழியா எண்ணுற, ஐயா பாவு வழியா எண்ணுறாரு, நடுவுல எஃப்டுபை ஒவ்வொரு தடவையும் துணியப் பிரிச்சு மறுபடி நெய்யுது" என்றார். அதேதான். ஃபோர்ட்ரான் அட்டவணையை நெடுக்காக அடுக்கும், நம்பை வழக்கமாகக் குறுக்காக அடுக்கும். பொருந்தாத அடுக்கு வந்தால் எஃப்டுபை சத்தமில்லாமல் நகல் எடுத்து மாற்றிக் கொடுக்கும், அந்த நகல்தான் நேரத்தைத் தின்றது. அட்டவணையை உண்டாக்கும்போதே ஃபோர்ட்ரான் வரிசையில் வை என்று ஒரு சொல் சேர்த்ததும் சரியாகிவிட்டது.

கோபி அக்காவைப் படுத்திய பாட்டுக்கு நன்றி மட்டும் போதாது, மன்னிப்பும் கேட்க வேண்டும். கல்லூரி லேபில் இருக்கிற விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் ஏற்றிப் பார்த்துச் சொன்னவர் அவர். என் மெஷினில் ஓடுகிறதே, உங்களுக்கு ஏன் ஓடவில்லை என்று நான் கேட்டதே மூன்று தடவை இருக்கும். ப்ரோகிராம் ஓடத் துணைக்கு வேண்டிய டிஎல்எல் ஃபைல் இல்லை என்று ஒரு எரர், எந்த டிஎல்எல் என்று அது சொல்லாது. என் மெஷினில் ஜிஃபோர்ட்ரான் என்ற ஃபோர்ட்ரான் கம்பைலர் இருந்தது, அந்த டிஎல்எல்லான அதன் ரன்டைம் லைப்ரரியும் தானாகக் கிடைத்தது, அக்காவின் லேபில் அது ஏது? தேவையான டிஎல்எல்லையும் பிப் எடுத்து ஏற்றும் வீல் ஃபைலுக்குள்ளேயே வைத்துக் கட்டிவிடும் கருவி விண்டோஸுக்கும் லினக்ஸுக்கும் தனித்தனியாக இருக்கிறது என்று படித்துச் சொன்னதும் அக்காதான். கல்யாண வீட்டுக்குச் சமையல்காரரை மட்டும் அனுப்பிவிட்டுக் கரண்டியை வீட்டிலேயே விட்ட கதை.

பைத்தான் 3.12 வந்தபோது பேக்கேஜைக் கட்ட நான் வைத்திருந்த பழைய நம்பை டிஸ்ட்யூட்டில்ஸ் கருவி வேலை செய்யாமல் போய் மேசான் என்ற வேறு கருவிக்கு மாற வேண்டியிருந்தது. அதில் உதவியவர்கள் நாலு பேர், நாலு பேருமே பெயர் போட வேண்டாம் என்றுவிட்டார்கள். சரி.

கோவை கணபதியில் பம்பு டிசைன் பார்க்கும் நண்பருக்கு நன்றி, கோபத்தோடு போன் பண்ணியதற்கு. குழாயின் விட்டத்தைத் தவறுதலாகப் பூஜ்யம் என்று கொடுத்திருக்கிறார். ஐயாவின் ப்ரோகிராமில் தப்பான உள்ளீடு வந்தால் ஓட்டத்தையே நிறுத்தும் ஒரு ஸ்டாப் வரி. தனி ப்ரோகிராமாக ஓடிய காலத்தில் அது நியாயம். பைத்தானுக்குள் வந்து ஸ்டாப் என்றால் பைத்தானையே சேர்த்து நிறுத்திவிடுகிறது, அவர் காலையிலிருந்து கம்ப்யூட்டரில் பைத்தான் நோட்புக்கில் ஏற்றி வைத்திருந்தது அத்தனையும் காலி. அன்றைக்கு ராத்திரியே பதினேழு ஸ்டாப்பையும் எடுத்துவிட்டுப் பிழை எண் திருப்பித் தரும்படி மாற்றினேன்.

இன்னும் ஒரு குறை பாக்கி இருக்கிறது, மறைக்கவில்லை. காமன் பிளாக் என்ற ஃபோர்ட்ரானின் பொது இடத்தில் எல்லா மாறிகளும் கிடப்பதால் ரெண்டு கணக்கை ஒரே நேரத்தில் ஒரே ப்ரோகிராமுக்குள் ரெண்டு த்ரெட்டில் ஓட்டினால் ஒன்றன் எண் இன்னொன்றில் கலந்துவிடும். ஒன்றின் நினைவகம் இன்னொன்றுக்குத் தெரியாத தனித்தனி ப்ராசஸாக ஓட்டுங்கள். மேக் வைத்திருப்பவர்கள் யாராவது ஏற்றிப் பார்த்துச் சொன்னால் அடுத்த மடலில் உங்கள் பேரும் வரும்.

ஐயாவுக்கு முந்தாநாள் லேப்டாப்பில் ஓட்டிக் காட்டினேன். பழைய தாளைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு எண்ணாக விரல் வைத்து ஒப்பிட்டார். கடைசி இலக்கம் சில இடத்தில் மாறுகிறது, எண்ணை இன்னும் அதிக இலக்கத்தோடு வைக்கும் இரட்டைத் துல்லியத்துக்கு நான் மாற்றியதால். சொல்லப் பயமாக இருந்தது. "தாள்ல இருக்கறதுதான் தப்பு" என்று அவரே சொல்லிவிட்டார். பிறகு ப்ரோகிராமைத் திறந்து காட்டச் சொன்னார். நேரப்படியைக் கணக்கிடும் வரிக்கு மேலே, ஆங்கில எழுத்தில், 'இங்கே கை வைக்காதே' என்று அவர் எழுதிவைத்த கமெண்ட் அப்படியே இருக்கிறது.

"கை வெச்சியா?"

"வெச்சேனுங்கய்யா. வேகமா ஓடட்டும்னு நேரப்படிய ரெண்டு மடங்காக்கினேன். அழுத்தம் கோடிக்கணக்குல போய் நின்னுதுங்க."

"நானும் அப்படித்தான் கண்ணு. அதுக்கப்பறம்தான் அதை எழுதுனேன்."