செவ்வாய்க்கிழமைக்கு முன்னால் எழுதி வை

மன்னார்குடி,
புரட்டாசி, சனிக்கிழமை.

அன்புள்ள கோவிந்தராசு,

உன் கடிதம் கிடைத்தது. குறுவை அறுத்துக் களத்தில் கிடக்கிறது, மழை மிரட்டுகிறது, கொள்முதல் நிலையத்தில் இன்னும் முறை வரவில்லை என்று ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறாய். குடமுருட்டிக் கரையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறும்போது நெஞ்சை அடைக்கிறது என்பதை மட்டும் கடைசியில் இரண்டு வரியில் முடித்துவிட்டாய். "நின்றால் விட்டுவிடுகிறது, வாயுதான். பெண் விடமாட்டேன் என்கிறாள், செவ்வாய்க்கிழமை தஞ்சாவூரில் டாக்டரைப் பார்க்கப் போகிறோம்" என்று வேறு. உன் பெண் நன்றாக இருக்கட்டும். அந்த இரண்டு வரியைப் படித்ததிலிருந்து எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

வாயுவா இல்லையா என்று நீயும் நானும் முடிவு செய்ய வேண்டாம். ஏறும்போது அடைத்து, நின்றால் விட்டுவிடுகிற அடைப்பு என்றால், இதயத்திலிருந்து வருகிறதோ என்றுதான் டாக்டர் முதலில் சந்தேகப்படுவார். இதயத் தசைக்குப் போகிற ரத்தக்குழாய் சுருங்கியிருந்தால், சும்மா உட்கார்ந்திருக்கும்போது போகிற ரத்தம் போதும். மேடு ஏறினால் போதாது. உன்னைப் படுக்க வைத்து ஈசிஜி எடுப்பார்கள். அந்த நேரத்தில் அடைப்பு இல்லாததால் அது சரியாகவே இருக்கலாம். "ஈசிஜி நார்மல்" என்று காதில் விழுந்ததும் எழுந்து வந்துவிடாதே. கரை ஏறும்போது உனக்கு நடப்பது அந்தத் தாளில் பதிந்திருக்காது. அதை நீதான் வாய் திறந்து சொல்ல வேண்டும்.

நீ சொல்லமாட்டாய் என்பதுதான் என் பயம். டாக்டர் "என்ன செய்கிறது?" என்று கேட்டால், "பெரிதாக ஒன்றுமில்லை, லேசாக" என்று இழுப்பாய். வெளியே அத்தனை பேர் காத்திருக்கிறார்களே என்று உனக்கு வேறு கூச்சமாக இருக்கும். அதனால் இன்றே ஒரு தாளில் எழுதி வை. எப்போதிலிருந்து வருகிறது, எவ்வளவு தூரம் நடந்தால் வருகிறது, எத்தனை நிமிடத்தில் விடுகிறது, இடது கை, தாடை, முதுகு என்று எங்கேயாவது பரவுகிறதா, எல்லாவற்றையும் எழுது. ஆடி மாதம் நிற்காமல் ஏறிய கரையில் இப்போது பாதியில் நிற்கிறாய் என்றால் அதுதான் முதல் வரியாக இருக்க வேண்டும். நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதமா 18 சதவீதமா என்று மீட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல் நிற்பவன் நீ. உன் உடம்பையும் அப்படிப் பார்த்து எழுது.

உனக்குச் சர்க்கரை வேறு இருக்கிறது. சர்க்கரை உள்ளவர்களுக்கு இதய நோய் வலியாகத் தெரியாமல், மூச்சு வாங்குவதாகவோ வியர்வையாகவோ அசதியாகவோ மட்டும் வருவதுண்டு. அதனால் அற்பம் என்று எதையும் விட்டுவிடாதே. தங்கச்சியையும் உட்கார வைத்துக் கேள். ராத்திரி நீ எழுந்து உட்காருவதை அவள்தானே பார்க்கிறாள்.

மாத்திரைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். போன மாதம் என் வீட்டுக்காரியை முட்டி வலிக்காக டாக்டரிடம் அழைத்துப் போயிருந்தேன். "என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?" என்றதும் சுருக்குப்பையைத் திறந்து ஓர் அட்டைத் துண்டை நீட்டினாள். மருந்துக் கடையில் கத்தரியால் நறுக்கிக் கொடுத்ததில் நான்கு மாத்திரை ஒட்டிக்கொண்டிருந்தது. பின்பக்கம் பெயரின் கடைசி இரண்டு எழுத்துதான் மிச்சம். டாக்டர் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்துவிட்டார். நீ முழு அட்டையாக எடுத்துப் போ, பழைய சீட்டையும் வைத்துக்கொள். அறுவடை நாளில் இடுப்பு வலிக்கு நீயாக வாங்கிப் போடுகிறாயே, அந்த மாத்திரையை மறைக்காதே. வலி மாத்திரைகள் பல ரத்த அழுத்தத்தை ஏற்றும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். சூரணம், கஷாயம் எதுவாக இருந்தாலும் சொல். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு வந்து மாத்திரை கொடுக்கிற அந்தப் பெண் குறித்துவைத்த பிரஷர் அளவுகளையும் கேட்டு வாங்கிக்கொள். பழைய ஈசிஜி பெட்டியில் எங்கே கிடந்தாலும் தேடி எடு. புதியதைப் பழையதோடு ஒப்பிட்டால்தான் என்ன மாறியிருக்கிறது என்று டாக்டருக்குத் தெரியும்.

வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்கச் சொல்லியிருந்தால், பஸ் நிலையத்தில் இறங்கியதும் காபி குடிக்கிற வழக்கம் அன்றைக்கு வேண்டாம். தண்ணீர் குடிக்கலாம். சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு பட்டினி கிடந்துவிடாதே, மயக்கம் வரும். ரத்தம் கொடுத்த பிறகு சாப்பாட்டோடு போட்டுக்கொள். இட்லியைக் கையோடு கட்டிக்கொண்டு போங்கள். பிரஷர் பார்ப்பதற்கு முன் ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார். ஆதாரையும் காப்பீட்டு அட்டையையும் பெண்ணின் பையில் போட்டுவிடு. உள்ளே அவளும் வரட்டும். டாக்டர் சொல்வதை அவள் எழுதிக்கொள்ளட்டும்.

இன்னொன்று, இதைத் தங்கச்சிக்குப் படித்துக் காட்டு. சும்மா இருக்கும்போதே அடைப்பு வந்து, பத்து நிமிடத்தில் விடவில்லை என்றாலோ, குப்பென்று வியர்த்தாலோ செவ்வாய்க்கிழமை வரை காத்திருக்காதீர்கள். சோடா வாங்கிக் குடித்துப் பார்க்கவும் வேண்டாம். உடனே 108ஐக் கூப்பிடுங்கள்.

இங்கே சம்பா நடவு முடிந்துவிட்டது, வாய்க்காலில் தண்ணீர் நன்றாக வருகிறது. எனக்கு இப்போது வயலில் அவசர வேலை எதுவும் இல்லை. செவ்வாய்க்கிழமை காலை முதல் பஸ்ஸில் நானும் தஞ்சாவூர் வருகிறேன். எந்த ஆஸ்பத்திரி, எத்தனை மணி என்று உன் பெண்ணைப் போனில் சொல்லச் சொல், வாசலில் நிற்கிறேன். உன் நெல்லைப் பற்றிக் கவலைப்படாதே, அன்று மழை வந்தால் மூடுவதற்குத் தார்ப்பாயோடு என் மகன் திங்கட்கிழமை ராத்திரியே பாபநாசம் வந்துவிடுவான்.

அன்புடன்,
ராமலிங்கம்