பாடகர் மறைந்த முதல் 72 மணி நேரத்தில் பொதுமக்கள் அஞ்சலி செலுத்த உள்ளரங்கும் ஒரே தொடர்பு அதிகாரியும் கோரும் மனு

பெறுநர்:
நிரந்தரச் செயலாளர்,
கலாசார, சமூக, இளையர்துறை அமைச்சு,
சிங்கப்பூர்.

அனுப்புநர்:
தமிழ் மேடை நிகழ்ச்சிகளில் ஒலி, ஒளி, கூட்ட ஒழுங்குப் பணிகளைச் செய்துவரும் தொண்டூழியர்கள்
(கையொப்பப் பட்டியல் தனித்தாளில்)

பொருள்: புகழ்பெற்ற பாடகர் மறையும்போது மக்கள் ஒழுங்காகக் கூடி அஞ்சலி செலுத்த, முன்கூட்டியே ஒப்புதல் பெற்ற ஏற்பாடு வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். பெரிய பாடகர் ஒருவர் காலமானால் மக்கள் கூடுவது முதல் மூன்று நாள்களில்தான். நான்காம் நாள் அவரவர் வேலைக்குத் திரும்பிவிடுவார்கள். பொது இடத்தில் கூடுவதற்கான அனுமதியையோ பல நாள் முன்னதாகவே கேட்க வேண்டியிருக்கிறது. யாருடைய சாவையும் முன்கூட்டியே தெரிந்துகொண்டு யாரும் விண்ணப்பிக்க முடியாது. எந்த விதியையும் தளர்த்தும்படி நாங்கள் கேட்கவில்லை. இருக்கும் விதிகளுக்குள்ளேயே, ஒருமுறை ஒப்புதல் தந்துவிட்டுத் தேவைப்படும்போது எடுத்துப் பயன்படுத்தும் ஏற்பாடு ஒன்று இருந்தால் போதும்.

செய்தி எந்த நேரத்தில் வந்து சேர்கிறது என்பதிலிருந்தே கூட்டத்தின் போக்கைக் கணிக்கலாம். மைக்கல் ஜாக்சன் 2009 ஜூன் 25 அன்று பிற்பகல் 2.26 மணிக்கு லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் இறந்ததாக அறிவிக்கப்பட்டார். சிங்கப்பூரில் அப்போது மறுநாள் வெள்ளிக்கிழமை அதிகாலை 5.26. ஊர் கண்விழித்ததே அந்தச் செய்தியில்தான். அன்று ஒரே நேரத்தில் குவிந்த தேடல்களைக் கண்டு, இது தானியங்கித் தாக்குதலோ என்று கூகல் செய்தித் தளம் சந்தேகப்பட்டு, சிறிது நேரம் தேடுவோரைத் தடுத்தது. அவர் 1993இல் தம் 35ஆம் பிறந்தநாளன்று காலாங் தேசிய அரங்கில் பாடியவர். அதை நேரில் பார்த்த தலைமுறை இன்றும் இங்கே இருக்கிறது. எஸ்.பி. பாலசுப்ரமணியம் 2020 செப்டம்பர் 25 வெள்ளிக்கிழமை பிற்பகல் 1.04 மணிக்குச் சென்னையில் மறைந்தார். இங்கே 3.34. வழக்கமான ஆண்டாக இருந்திருந்தால் மாலையில் வேலை முடிந்ததும் லிட்டில் இந்தியா வட்டாரமான தேக்காவுக்கு ஆள் வரத் தொடங்கி, ஞாயிற்றுக்கிழமை உச்சத்தை எட்டியிருக்கும். கொவிட் காலக் கட்டுப்பாட்டில் ஐந்து பேருக்கு மேல் ஒன்றாகக் கூட முடியாது, வெளிநாட்டு ஊழியர்களும் தங்குவிடுதியை விட்டு வெளியே சுற்ற முடியாது என்பதால் அந்தக் கூட்டம் நடக்கவே இல்லை. அடுத்த முறை நடக்கும்.

நேரத்தையும் முறையையும் தெளிவாகச் சொல்லிவிட்டால் மக்கள் அதன்படியே செய்கிறார்கள் என்பதற்கும் எஸ்.பி.பி. தொடர்பான நிகழ்வே சான்று. அவர் மருத்துவமனையில் இருந்தபோது, 2020 ஆகஸ்ட் 20 மாலை 6 மணிக்கு அவரவர் இருக்கும் இடத்திலேயே அவர் பாடல்களை ஒலிக்கவிட்டுப் பிரார்த்திக்குமாறு தமிழ்த் திரையுலகினர் கேட்டுக்கொண்டார்கள். அறிவிப்பில் இருந்தது இடம், நேரம், செய்ய வேண்டிய ஒரே ஒரு காரியம், அவ்வளவுதான். கூட்ட நெரிசல் எங்கும் எழவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். பொது ஒழுங்குச் சட்டத்தின்படி ஒரு நிகழ்வை நினைவுகூரக் கூடுவதும் அனுமதி தேவைப்படும் கூட்டமே. மெழுகுவத்தியோடு பத்துப் பேர் புல்வெளியில் நின்றாலும் அதில் அடங்கும். அனுமதியின்றிக் கூட ஹோங் லிம் பூங்காவின் பேச்சாளர் சதுக்கம் இருக்கிறதே என்பார்கள். அது குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே. தமிழ்ப் பாடகர் ஒருவர் மறைந்தால் அதிகம் திரளப்போவது தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கே வேலை பார்க்கும் ஊழியர்கள். அவர்கள் அங்கே வேடிக்கை பார்க்க நின்றாலும் விதிமீறல் ஆகிவிடும். ஆகவே அந்த இடம் இதற்குப் பொருந்தாது. குடிமக்கள் ஏற்பாடு செய்து, குடிமக்களே பேசி, சமயம் சார்ந்த பொருளைத் தொடாமல், ஏற்பாட்டாளர் உடனிருந்து உள்ளரங்கில் நடத்தும் கூட்டங்களுக்கு விலக்கு உண்டு என்பது எங்கள் புரிதல். வழி அங்கேதான் திறந்திருக்கிறது. ஆனால் வாரயிறுதியில் காலியான மண்டபம் கிடைப்பது அரிது. திருமணங்களும் பூப்பந்தாட்டமும் பல வாரம் முன்பே பதிவாகிவிடுகின்றன.

இடம் சொல்லாவிட்டால் துயரம் தானாகவே ஓர் இடத்தைத் தேடிக்கொள்ளும், பெரும்பாலும் தவறான இடத்தை. மைக்கல் ஜாக்சன் இறந்த அன்று ஹாலிவுட் நடைபாதையில் அவர் பெயர் பொறித்த நட்சத்திரம் ஒரு திரைப்படத்தின் முதல் காட்சி விழாவுக்காக மூடப்பட்டிருந்தது. ரசிகர்கள் அதே பெயர்கொண்ட வானொலி அறிவிப்பாளர் ஒருவரின் நட்சத்திரத்தில் பூக்களைக் குவித்துவிட்டுப் போனார்கள். நம் ஊரில் அந்த இடம் இசைத்தட்டுக் கடை வாசலாகவோ, சிராங்கூன் சாலைக் கடைகளின் முன்னுள்ள நடைபாதையான ஐந்தடியாகவோ இருக்கும். ஐந்தடியின் அகலம் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர். இருபது பேர் நின்றால் சக்கர நாற்காலியும் தள்ளுவண்டியும் சாலையில் இறங்க வேண்டியதுதான். அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளம் என்றால் மேலே இரண்டாம் மாடிக்காரர் இரவு ஒன்பதரைக்குக் காவல்துறையை அழைப்பார். அவரைக் குறை சொல்லவும் முடியாது.

உள்ளரங்கு கிடைத்தால் அதை எப்படி அமைப்பது என்பதை எங்கள் பணி அனுபவத்திலிருந்து சொல்கிறோம். 300 சதுர மீட்டர் மண்டபத்தில் மேசை, வரிசை, வெளியேறும் வழிக்கு மூன்றில் ஒரு பங்கை ஒதுக்கிவிட்டு, மீதியில் சதுர மீட்டருக்கு இருவர் என்றால் ஒரே நேரத்தில் 400 பேர். தீயணைப்பு விதிப்படி மண்டபத்தில் எழுதி ஒட்டிய எண்ணிக்கை இதைவிடக் குறைவாக இருந்தால் அதுவே கணக்கு. ஒரு கதவு வர, இன்னொரு கதவு போக. ஒரே கதவில் இரண்டு திசையும் நடந்தால் இருநூறு பேருக்கே முட்டிக்கொள்ளும்.

இரங்கல் ஏடுதான் எப்போதும் நெரிசலுக்குக் காரணம். எழுதுபவர் ஒருவர் சராசரியாக ஒரு நிமிடம் எடுப்பார், சிலர் பாட்டு வரி முழுதும் எழுதுவார்கள். ஓர் ஏட்டில் மணிக்கு அறுபது பேர் என்று வைத்தால் மூன்று மணி நேரத்தில் 600 பேருக்கு நான்கு மேசை வேண்டும். தைத்த ஏடு கூடாது. தனித்தாள்களை அட்டையில் செருகிக் கொடுத்துப் பிறகு கட்டிக்கொள்ளலாம். பேனாவை நூலில் கட்டினால்தான் மேசையில் தங்கும். எழுதத் தயங்கும் ஊழியர்களுக்காக, அவர்கள் சொல்லச் சொல்ல எழுதித் தரும் தொண்டூழியர் ஒருவர் ஒவ்வொரு மேசையிலும் இருக்க வேண்டும்.

பூக்களைப் பிளாஸ்டிக் உறை நீக்கியே வாங்க வேண்டும். உறைக்குள் தேங்கும் கொஞ்சம் தண்ணீர் ஏடிஸ் கொசுவுக்குப் போதும். முட்டை ஒரு வாரத்திலிருந்து பத்து நாளுக்குள் கொசுவாகிவிடும். மல்லிகைச் சரம் இங்குள்ள ஈரப்பதத்தில் மறுநாளே கறுத்து நாறத் தொடங்கும். எனவே ஒவ்வொரு இரவும் மண்டபத்தை மூடும் முன் பூக்களை அகற்றிவிட வேண்டும், அட்டைகளையும் படங்களையும் மட்டும் வைத்துக்கொள்ளலாம். மெழுகுவத்திக்குப் பதில் மின்விளக்கு. உருகிய மெழுகைத் தரையிலிருந்து சுரண்டும் வேலை யாருடையது என்பதில்தான் மண்டப நிர்வாகத்தோடு சண்டை வரும். மரபுக்காக ஒரு குத்துவிளக்கு போதும். அதை மணல் தட்டில், துணித் திரைகளுக்கு இரண்டு மீட்டர் தள்ளி வைத்து, பக்கத்தில் தீயணைப்பான் ஒன்றும் ஆள் ஒருவரும் இருக்க வேண்டும்.

ஒலியைப் பற்றிக் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறோம், ஏனெனில் புகார்களில் பெரும்பாலானவை இதனால் வருபவை. 400 பேருக்குப் பன்னிரண்டு அங்குல ஒலிபெருக்கி இரண்டு தாராளம். சப்வூஃபர் வேண்டவே வேண்டாம். தாழ்ந்த ஒலி சுவரைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக் கட்டிலை அதிரவைக்கும், மேடையில் இருப்பவருக்கு அது தெரியாது. ஒலிபெருக்கிகள் மைக்குக்கு முன்னால், மக்களைப் பார்த்து, சற்றே கீழ்நோக்கிச் சாய்ந்து நிற்க வேண்டும். மைக் அவற்றுக்கு முன்னால் நடந்து போனால் கூவும். இரங்கல் கூட்டத்தில் மைக் கூவினால் அதன்பின் யாரும் பேச வரமாட்டார்கள். கைப்பேசியை புளூடூத்தில் இணைத்துப் பாட்டு ஓட்டுவது இன்னொரு வழக்கமான கோளாறு. நடுவில் அழைப்பு வந்தால் அழைப்பு மணி மண்டபம் முழுக்கக் கேட்கும். கம்பிவழி இணைத்து, விமானப் பயண முறையில் வைக்க வேண்டும். யூடியூபை நேரடியாகத் திரையில் ஓட்டினால் மௌன அஞ்சலி முடிந்த கையோடு ஷாம்பு விளம்பரம் வரும்.

சேர்ந்து பாடும்போது பின்னணித் தடத்தைவிடக் கீபோர்டு வாசிப்பவர் ஒருவர் இருப்பது நல்லது. எதிரொலிக்கும் மண்டபத்தில் கூட்டம் எப்போதும் தடத்துக்குப் பின்தங்கும், தடம் காத்திருக்காது. எஸ்.பி.பி. பாடல்களை அவர் பாடிய சுருதியிலேயே தொடங்கினால் அனுபல்லவியிலேயே பாதிப் பேர் நின்றுவிடுவார்கள். ஒன்றரைக் கட்டை இறக்க வேண்டும். இரவு ஒன்பதரைக்கு ஒலியை நிறுத்திவிட்டால் பத்துக்குள் மண்டபம் காலியாகிவிடும். பாடல்களைப் பொதுவில் ஒலிக்கவிடக் இசைப் பதிப்புரிமை அமைப்பான காம்பஸின் உரிமம் மண்டபத்துக்கு ஏற்கெனவே உண்டா, நாங்கள் தனியாக எடுக்க வேண்டுமா என்பதும் முன்பே தெளிவாக வேண்டும்.

வதந்தியைச் சமாளிப்பதும் ஏற்பாட்டில் ஒரு பகுதி. 2025 செப்டம்பர் 19 அன்று அசாமியப் பாடகர் ஜுபீன் கர்க் சிங்கப்பூர்க் கடலில் நீந்தியபோது இறந்தார். ஸ்கூபா டைவிங்கில் இறந்தார் என்ற தவறான தகவலே முதலில் பரவியது. உறுதியாகாத தகவலைப் பரப்ப வேண்டாம் என்று காவல்துறை பின்னர் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. மண்டப வாசலில் ஒரே ஒரு தகவல் பலகை, அதில் குடும்பமோ மருத்துவமனையோ காவல்துறையோ அறிவித்தது மட்டும், அறிவித்த நேரத்தோடு. மேடையில் பேசுவோர் மரணக் காரணத்தைத் தொடக்கூடாது. 2017 டிசம்பரில் கொரியப் பாடகர் ஜொங்ஹியான் உயிரை மாய்த்துக்கொண்டது போன்ற மரணங்களில் இது மிக முக்கியம். தமிழ்ப் பிள்ளைகளும் கே-பாப் கேட்கிறார்கள். அத்தகைய கூட்டத்தில் 1767, 1771 ஆகிய உதவி எண்கள் திரையில் எப்போதும் இருக்க வேண்டும், தனியே அமர்ந்து அழும் இளையரிடம் போய் உட்கார ஒருவர் வேண்டும். உண்டியல் கூடவே கூடாது. உரிமமின்றிப் பொது இடத்தில் பணம் திரட்டுவது குற்றம், வெளிநாட்டுக்கு அனுப்பத் திரட்டுவதற்கும் தனி அனுமதி வேண்டும். உருக்கமான நேரத்தில் மோசடிக்காரர்தான் முதலில் வருவார்.

எங்கள் கோரிக்கைகள் இவை. தேக்காவிலிருந்து நடந்து செல்லக்கூடிய தொலைவில், அமைச்சின் கீழ் இயங்கும் மக்கள் கழகத்தின் சமூக மன்ற மண்டபம் ஒன்றை இதற்கென முன்கூட்டியே குறித்து, அமைப்புப் படத்துக்கு ஒரே தடவையாக ஒப்புதல் தர வேண்டும். ஏற்கெனவே பதிவு செய்தவரை விரட்ட வேண்டியதில்லை. அந்த மண்டபம் காலியில்லாத நாளில் இன்னொரு மாற்று மண்டபம் இருந்தால் போதும். காவல்துறை, தேசியச் சுற்றுப்புற வாரியம், நகர மன்றம் மூன்றோடும் எங்களுக்காகப் பேசும் அதிகாரி ஒருவரை நியமித்து, செய்தி வந்த ஆறு மணி நேரத்துக்குள் ஆம் அல்லது இல்லை என்று பதில் கிடைக்கச் செய்ய வேண்டும். இல்லை என்ற பதிலும் எங்களுக்கு உதவும். அதை உடனே அறிவித்து ஐந்தடியில் கூட்டம் சேராமல் தடுக்கலாம். வெளிநாட்டு ஊழியர்கள் வந்து கையெழுத்திடலாமா, கூட்டத்தோடு சேர்ந்து பாடலாமா, மைக்கில் தனியாகப் பாடினால் அது உரிமம் தேவைப்படும் நிகழ்ச்சியாகுமா என்பவற்றுக்கு ஒரு பக்க விளக்கம், நான்கு மொழிகளிலும் வங்காளத்திலும், எழுத்தில் வேண்டும்.

கூட்டம் மண்டபத்தைவிடப் பெரிதானால் நேரச்சீட்டு முறையைக் கையாளலாம். மைக்கல் ஜாக்சன் நினைவுக் கூட்டத்துக்கு 17,500 இடங்களுக்கு 16 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இணையத்தில் பதிந்தார்கள். குலுக்கலில் தேர்ந்தவர்கள் கைப்பட்டையை முந்தைய நாளே டாட்ஜர் விளையாட்டரங்கில் வாங்கிக்கொள்ள வைத்தார்கள், நிகழ்விடத்தில் கொடுக்கவில்லை. சீட்டு இல்லாதவர் வாசலுக்கு வரக் காரணமே இல்லாமல் போனது. நம் அளவுக்கு அரைமணி நேரச் சீட்டும், அதை எம்ஆர்டி நிலையம் அருகே கொடுக்க ஒரு மேசையும் போதும்.

மண்டப அமைப்புப் படம், பொருள் பட்டியல், தொண்டூழியர் பணிப்பகிர்வு ஆகியவற்றை இணைத்துள்ளோம். இவற்றைத் தங்கள் அதிகாரிகள் முன்னிலையில் காலியான மண்டபம் ஒன்றில் ஒரு மாலை ஒத்திகையாக நடத்திக் காட்டவும் தயாராக இருக்கிறோம். அதற்கான ஒலிக் கருவிகளையும் ஆள்களையும் நாங்களே கொண்டுவருவோம். மண்டபமும் நாளும் தெரிவித்தால் போதும்.

இப்படிக்கு,
கீழ்க்கண்ட தொண்டூழியர்கள்

இணைப்பு: கையொப்பப் பட்டியல், மண்டப அமைப்புப் படம், பொருள் பட்டியல், பணிப்பகிர்வு